முச்சந்தியில் என் ஈரல்

என் வயிற்றிலிருந்து எடுத்த ஈரல் சாக மாட்டேன் என்று சொல்லிவிட்டது. வாய் திறந்து சொல்லவில்லை. ஈரலுக்கு வாய் கிடையாது, எங்கள் சங்குமேட்டில் வாய்க்கு என்ன பஞ்சமா, அது வேறு எதற்கு. ஐஸில் வைத்தால் சாயங்காலம் வரைக்கும் தாங்கும், அதற்குள் இன்னொரு வயிற்றில் வைத்துத் தைக்காவிட்டால் வெறும் சதைதான் என்று டாக்டர்கள் சொன்ன அந்தச் சாயங்காலம் வந்தது, போனது, மறுநாள் விடிந்தது, ஈரல் பாட்டுக்கு எவர்சில்வர் தட்டில் சிவந்து பளபளத்து, தூங்குகிற பிள்ளையின் வயிறு மாதிரி மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அதை ஏன் எடுத்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கெட்டுப்போன ஈரல் என்று நினைத்துக்கொள்வீர்கள். ஊர் அப்படித்தான் நினைத்தது. பிறந்ததிலிருந்தே என் வேர்வையும் மூத்திரமும் வெல்லப்பாகு கொதிக்கிற மணம் மணக்கும். மீன், பருப்பு, முட்டை, பால் என்று எதெல்லாம் மற்றப் பிள்ளைகளுக்குச் சத்தோ அதெல்லாம் எனக்கு விஷம். ஒரு வாய் கூடினால் கால் பின்னும், நாக்குக் குழறும், விழுந்துவிடுவேன். கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவில் பிறந்து, அடுத்த வீட்டில் சாளை மீன் பொரிகிற வாசனையைத் தொட்டுக்கொண்டு கஞ்சி குடித்து வளர்ந்து, பள்ளிக்கூடத்தில் ‘பாகுச்சட்டி’ என்று பட்டப்பெயர் வாங்கி, அப்படியே சட்டக் கல்லூரி வரைக்கும் வந்துவிட்டேன். அங்கே வைத்து விழுவது அதிகமாகி, ஒருநாள் எழுந்திருக்காமலே போய்விடுவேன் என்று ஆனபோதுதான் ஈரலை மாற்ற வேண்டும் என்றார்கள். சாலையில் அடிபட்டு இறந்துபோன ஒரு லாரி டிரைவரின் வீட்டார், யாருக்கு என்று கேட்காமல் அவர் ஈரலைத் தந்தார்கள். அது எனக்குள் வந்தது. என்னுடையது வெளியே போனது.

எனக்கு ஆபரேஷன் செய்த டாக்டர் ரெஜினா, முந்தின நாளே என்னையும் என் அம்மா வேலம்மாவையும் உட்கார வைத்துச் சொன்னார். “உன் ஈரல் நல்ல ஈரல்மா. அதுக்கு ஒரே ஒரு வேலை தெரியாது. மத்தவங்க உடம்புல அந்த வேலையைச் சதையும் சேர்ந்து பார்க்கும். உனக்கு ஈரலும் பார்க்கல, சதையும் பார்க்கல. இதே ஈரல் வேற ஒருத்தர் வயித்துக்குள்ள போனா அந்த உடம்பு சமாளிச்சுக்கும். இதைக் குப்பையில போட எனக்கு மனசு வரல.”

உப்பளத்தில் பாத்தி மிதிக்கிற என் அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஒரு வீட்டுல ஒண்ணுக்கும் ஆவாதவள்னு பேரெடுத்த மருமவ, வேல செய்ய ஆளு கெடக்க இன்னொரு வீட்டுல மகராசியா இருப்பா. அப்படித்தானம்மா?” என்றாள். “அப்படியேதான்” என்று டாக்டர் சிரித்தார்.

அந்த இன்னொரு வீடும் அதே ஆஸ்பத்திரியில், அடுத்த வார்டிலேயே இருந்தது. எங்கள் ஊர் மேலத்தெரு கோமதி டீச்சர், எனக்குப் பள்ளியில் தமிழ் எடுத்தவர், காமாலை முற்றி ஈரல் சுருங்கி, கண் மஞ்சளாய், வயிறு நீர் கோத்துப் படுத்திருந்தார். ரத்தம் பொருந்தியது, அளவு பொருந்தியது, அவரும் சரி என்றார், அவர் கணவர் நெல்லையப்பன் அண்ணாச்சியும் சரி என்றார். உப்பு வியாபாரம் செய்கிற, கோயில் கமிட்டியில் இருக்கிற அண்ணாச்சி, என்னை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோன காலையில் தற்செயலாக ஒரு நர்ஸிடம் அது யாருடைய ஈரல் என்று கேட்டார். உங்க ஊர்தானாம், உப்புக் குடியிருப்பு வேலம்மா மகள் முத்துக்கொடியாம் என்று அந்தப் பெண் வெள்ளந்தியாகச் சொன்னாள். அண்ணாச்சி ஒரு காரைப் பிடித்து, பாதி மயக்கத்தில் இருந்த மனைவியை அள்ளிப்போட்டுக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். நானோ கதவுக்கு உள்ளே வயிறு திறந்து கிடந்தேன்.

அப்புறம்தான் அது சாக மறுத்தது. குப்பை எரிக்கிறவர்கள் உயிருள்ளதை எரிக்க மாட்டோம் என்றார்கள். ஐஸ் பெட்டி வைத்திருக்கிறவர்கள் ஆள் பெயர் இல்லாததை வைத்திருக்க மாட்டோம் என்றார்கள். பெரிய டாக்டர்கள் வந்து பார்த்து, புத்தகத்தில் இல்லையே என்று ஈரலைக் கோபித்துக்கொண்டு போனார்கள். பொருந்துகிற வேறு ஆள் யாருக்காவது கொடுக்கலாம் என்று டாக்டர் ரெஜினா தேடினார், ரத்தம் பொருந்தினால் அளவு பொருந்தவில்லை, அளவு பொருந்தினால் ரத்தம் பொருந்தவில்லை. தையல் காய்ந்து நான் வீட்டுக்குக் கிளம்பிய அன்று, அம்மா மீன் போடுகிற வெள்ளைப் பெட்டி ஒன்றைக் கழுவிக் கொண்டுவந்து, “நம்ம வீட்டுப் பிள்ளைய நாம கூட்டிட்டுப் போவோம்” என்று அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

ஊரில் எங்களுக்கு முன்னால் ஒரு சொல் வந்து காத்திருந்தது. கழிப்பு. கண்ணேறு பட்டதையும் பீடை பிடித்ததையும் தலையைச் சுற்றி முச்சந்தியில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவார்களே, அது. அதை மிதிக்கக் கூடாது, தாண்டக் கூடாது, எடுக்கவே கூடாது. எடுத்தால் போட்டவருடைய பீடை எடுத்தவர் தலையில் ஏறும். என் ஈரல் என் பீடையாம், டாக்டர்கள் கழித்துப் போட்டார்களாம், நாங்கள் திரும்ப ஊருக்குள் கொண்டுவந்துவிட்டோமாம். ஒரு மத்தியானம் அம்மா உப்பளத்துக்குப் போயிருந்தபோது அண்ணாச்சியின் தம்பிமார் வந்தார்கள், நான் கத்தக் கத்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், பஸ் நிற்கிற முச்சந்தியில் வைத்து, குங்குமம் தடவிய பூசணிக்காயை இரண்டாய் உடைத்து, எலுமிச்சம்பழங்களைச் சுற்றி வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்கள்.

தூக்கிவரத்தான் நானும் போனேன். போய்ப் பார்த்ததும் மனசு மாறிவிட்டது. அந்த முச்சந்தியில் ரேஷன் கடை இருக்கிறது, சேர்மக்கனி மாமாவின் டீக்கடை இருக்கிறது, எந்தத் தெருக்காரரும் ஊரை விட்டுப் போக வேண்டுமானால் அங்கேதான் பஸ் ஏற வேண்டும். இதைவிட நல்ல இடம் எனக்கு யார் தருவார்? டீக்கடையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கேட்டு வாங்கி, கூட்டத்துக்குள் போகாதே என்று டாக்டர் சொல்லியிருந்ததால் முகக்கவசம் மாட்டிக்கொண்டு, பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். முகக்கவசம் போட்டால் குரல் வராதா என்ன.

முதலில் ஊர் சுற்றிக்கொண்டு போனது. அரிசிப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு பெண்கள் கருவேலங்காட்டுக்குள் இறங்கி, சேலை கிழிந்து, முள் குத்தி, என்னைத் திட்டிக்கொண்டே போனார்கள். அப்புறம் முள் அலுத்தது. பஸ் டிரைவர் ஹாரன் அடிக்காமல் வளைத்தார், கண்டக்டர் ‘ஈரல் ஸ்டாப் இறங்கு’ என்று கூப்பிடப் பழகினார். எறும்புகள் ஈரலின் பாகு மணத்துக்கு வரிசையாய் வந்து, பெட்டியைச் சுற்றிப் பார்த்து, ஏமாந்து திரும்பின. பங்குனி வெயிலில் ஐஸ் உருகியபோது ஐஸ் கம்பெனிக்காரர் கழிப்புக்கு ஐஸ் தர மாட்டேன் என்றார். தராவிட்டால் போ என்று ஈரல் ஐஸ் இல்லாமலே இருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்து, இது உசிரா சடலமா என்று கேட்டார், உசிர் என்றால் ஒரு மாதிரி எழுத வேண்டும், சடலம் என்றால் வேறு மாதிரி எழுத வேண்டும் என்றார். “ரெண்டும் இல்ல சார், என் உடம்புல ஒரு பங்கு. என்கிட்ட இருந்து பறிச்சுக் கொண்டாந்து வெச்சிருக்காவ. அதை எழுதுங்க” என்றேன். அவர் டீ குடித்துவிட்டுப் போனார். ஜோசியர் வந்து நட்சத்திரம் கேட்டார். “என்கூடத்தான் பொறந்துச்சு, பூராடம்” என்றேன். அவர் பூராடம் நூலாடாது என்று முகத்தைச் சுளித்துவிட்டு, ஈரலையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

பிறகு, எந்த நாளில் என்று யாருக்கும் தெரியாது, ஊர் அதைச் சுற்றியே நடமாட ஆரம்பித்துவிட்டது. அழுகிற கைப்பிள்ளைகள் அந்த மணத்தில் தூங்கின என்று தாய்மார் பெட்டியோரம் நின்றார்கள், நின்றவர்கள் பேசினார்கள், பேசியவர்கள் நாற்காலி கேட்டார்கள், சேர்மக்கனி மாமா பெஞ்சு போட்டார், பெஞ்சு போட்டதும் வாதம் வந்தது. இது பொருளா, ஆளா? ஆள் என்றால் முத்துக்கொடிக்கு என்ன முறை, தங்கச்சியா, மகளா? கோமதி டீச்சருக்கு வைத்திருந்தால் டீச்சர் முத்துக்கொடிக்கு என்ன முறை ஆவார்?

“இதுல என்னய்யா கொழப்பம்,” என்றார் சேர்மக்கனி மாமா, டீயை ஆற்றிக்கொண்டே. “இங்கேருந்து ஒண்ணு அந்த வீட்டுக்குப் போயி வாழப்போவுது. சம்பந்திதான்.”

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பு மேலத்தெருவுக்கு நடந்து போய், அண்ணாச்சி வீட்டு வாசலில் நின்றுகொண்டது.

இதெல்லாம் வேடிக்கை போல இருக்கும். ஆனால் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் டீச்சர் வீட்டு மாடி ஜன்னல் தெரியும். அது திறந்தே இருந்தது. உள்ளே ஒருத்தி செத்துக்கொண்டிருந்தாள். அவளைப் பிழைக்க வைக்கக் கூடியது நடுத்தெருவில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. நடுவில் கொஞ்சம் தார் ரோடு, அவ்வளவுதான்.

டாக்டர் ரெஜினா கார் எடுத்துக்கொண்டு ஊருக்கே வந்தார். அண்ணாச்சி அவரை வீட்டுக்குள் கூப்பிடாமல் முச்சந்திக்கே இறங்கி வந்தார், பின்னால் தம்பிமார், அவர்களுக்குப் பின்னால் பாதி ஊர்.

“அண்ணாச்சி, ஈரலுக்குக் காத்திருக்கிற வரிசையில உங்க மனைவிக்கு முன்னாடி நிறையப் பேர் இருக்காங்க,” என்றார் டாக்டர். “முறை வரும். ஆனா முறை வரும்போது அவங்க இருக்க மாட்டாங்க. இன்னைக்கு விட்டா, நாளைக்கு வான்னு என்னால சொல்ல முடியாது.”

“நீங்க மனசு வெச்சா வேற ஒண்ணு கெடைக்கும்மா. எறந்தவுக ஈரல் எத்தனையோ வருது. நல்லதா ஒண்ணு பாருங்க.”

நான் எழுந்துவிட்டேன். “எறந்தவரு ஈரல் சுத்தம், உசிரோட இருக்கவ ஈரல் தீட்டா அண்ணாச்சி? எனக்குள்ள இருக்கது ஒரு லாரி டிரைவரு ஈரல். அவரு எந்தத் தெருன்னு அவிய வீட்டுல சொல்லவும் இல்ல, நான் கேக்கவும் இல்ல. நேத்து ரெண்டு சாளை மீன் தின்னேன், அது பாட்டுக்கு வேல பாக்குது.”

“ஏட்டி, ஒனக்கு வாய் ரொம்ப நீளம்.”

“வயித்துல தையல் இருக்கு அண்ணாச்சி, வாய்ல இல்ல.”

பெஞ்சு சிரித்தது. அண்ணாச்சி சிரிக்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்தார், துடைக்கத் துடைக்க ஈரம் வந்தது. “முச்சந்தியில கெடக்கதை எடுத்தா எடுத்தவுக தலையில ஏறும். அதைக் கொண்டுபோயி என் பொஞ்சாதி வயித்துல வைக்கச் சொல்லுதியா? அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்னட்டி செய்வேன்?”

அவர் அழுததை நான் மறைக்க மாட்டேன். பயம் நிஜம், பாசமும் நிஜம். ஆனால் கண்ணீர் வந்துவிட்டதால் ஒருவர் சொல்வது நியாயம் ஆகிவிடுமா? “முச்சந்திக்கு அதுவா நடந்து வந்துச்சு?” என்றேன். “உங்க தம்பிமாருதான் தூக்கிட்டு வந்தாவ. தூக்கின கையில ஏறலையே, வயித்துல மட்டும் எப்படி ஏறும்? எடுத்ததை எல்லாம் கழிச்சதுன்னு யாரு சொன்னா? தாய் வயித்துல இருந்து பிள்ளையைக்கூடத்தான் எடுக்காவ. உண்மையைச் சொல்லுங்க அண்ணாச்சி. ஒங்க பயம் கழிப்பு இல்ல. சம்பந்தம்.”

சேர்மக்கனி மாமா டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு அண்ணாச்சியைப் பார்த்தார்.

டீச்சர் வந்தது அப்போதுதான். எல்லோரும் முச்சந்தியில் இருந்ததால் அவரைத் தடுக்க வீட்டில் ஆள் இல்லை. நைட்டிக்கு மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, செருப்பில்லாமல், ஒரு கையால் வயிற்றைத் தாங்கி, ஒரு கையால் வீட்டுச் சுவர்களை ஒவ்வொன்றாய்ப் பிடித்துக்கொண்டு வந்தார். சுவர் தீர்ந்த இடத்தில் கொஞ்சம் நின்று, ஒன்றையும் பிடிக்காமல் ரோட்டில் இறங்கினார். காய்ந்த பூசணியின் இரண்டு பாதிகளுக்கு நடுவே கால் வைத்து, எலுமிச்சம்பழங்களைத் தாண்டி, பெட்டியின் முன்னால் வந்து நின்றார். கூட்டம் ஒரே மூச்சாய் “ஐயோ” என்றது. ஏறி இறங்கிக்கொண்டிருந்த ஈரல் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது.

“இத்தனை நாளா இந்த மணம் என் ஜன்னல் வழியா வருது,” என்றார் டீச்சர், மூச்சு வாங்கிக்கொண்டு. “ஜோசியர்கிட்ட கேட்டாச்சு, கமிட்டியில கேட்டாச்சு, கொழுந்தன்மார்கிட்ட கேட்டாச்சு. வயித்துக்காரிகிட்ட யாரும் கேக்கல.” அண்ணாச்சியைப் பார்க்கவில்லை, டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். “கொடி, தா.”

ஊர் கவனித்திருக்காது. நான் கவனித்தேன். அதுவரைக்கும் அந்த ஈரலைப் பற்றி வாய் திறந்த அத்தனை பேரும் எடு, வை, தூக்கு, போடு, கழி என்றுதான் பேசினார்கள். அது வேண்டாம் என்றவர்களும் என்னைக் கேட்கவில்லை, வேண்டும் என்றவர்களும் கேட்கவில்லை, டாக்டர்கூட எனக்கு விளக்கினாரே தவிரக் கேட்கவில்லை. பழைய இலக்கணத்தில் கேட்பதற்கு மூன்று சொல் உண்டு. கீழே இருக்கிறவர் மேலே இருக்கிறவரிடம் ‘ஈ’ என்று கேட்பார். ஒத்தவர் ஒத்தவரிடம் ‘தா’ என்பார். மேலே இருக்கிறவர் கீழே இருக்கிறவரிடம் ‘கொடு’ என்பார். அதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டவரே இந்த டீச்சர்தான். இப்படி ஒரு விதி போட்டவன் மேலத்தெருக்காரனாகத்தான் இருப்பான் என்று எழுந்து சொன்னதற்காக அன்றைக்கு வகுப்புக்கு வெளியே நின்றவள் நான்.

இல்லை என்று சொல்ல எனக்கு உரிமை இருந்தது. என் வயிறு திறந்து கிடந்த காலையில் ஓடிப்போன கார் ஞாபகம் வந்தது, முச்சந்தியில் உடைந்த பூசணி ஞாபகம் வந்தது, ‘இல்லை’ நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது. நான் பேசாமல் நிற்பதைப் பார்த்த டீச்சர், பல்லைக் கடித்து வலியை விழுங்கிக்கொண்டு, “என்னட்டி, ‘ஈ’ன்னு கேக்கணுமோ?” என்றார். கேட்டுவிட்டு, அந்த நிலைமையிலும், சிரித்தார்.

“வேண்டாம் டீச்சர்,” என்றேன். “‘தா’ போதும்.”

“நான் கையெழுத்துப் போட மாட்டேன்,” என்றார் அண்ணாச்சி.

“ஒங்க கையெழுத்து வேண்டாம் அண்ணாச்சி. வயிறு யாருதோ அவிய கையெழுத்து போதும். சட்டம் அது.”

அண்ணாச்சி மனைவியின் பக்கம் திரும்பினார். குரல் தணிந்துவிட்டது. “கோமதி, இதைத் தூக்கிட்டுப் போனா அந்த வாசல் ஒனக்கு இல்ல.”

“செத்தா மட்டும் அந்த வாசல் வழியாத்தானே தூக்கிட்டுப் போவிய,” என்றார் டீச்சர். “அதுக்கு நான் நடந்தே போறேன்.”

குனிந்து பெட்டியைப் பிடித்தார். தூக்க முடியவில்லை. நான் குனியப்போனேன், தையல் இழுத்தது. கூட்டத்தில் நின்ற அம்மா வந்து என்னைத் தள்ளிவிட்டு ஒரு பக்கம் பிடித்தாள். மறுபக்கம் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. கைப்பிள்ளையை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டு மேலத்தெருப் பெண் ஒருத்தி வந்தாள், பிடித்தாள், யார் முகத்தையும் பார்க்கவில்லை. கார் வரைக்கும் அது கை மாறிக் கை மாறிப் போனது. யார் தலையிலும் எதுவும் ஏறவில்லை. ஏறியிருந்தால் எல்லோர் தலையிலும் ஏறியிருக்கும், அப்புறம் யார் யாரை ஒதுக்குவது?

டீச்சர் வயிற்றுக்குள் வைத்துக் குழாய்களைத் தைத்து ரத்தத்தைத் திறந்துவிட்டதும், தூங்கி எழுந்த முகம் போல அது சிவந்தது என்றும், பொன் நிறத்தில் பித்தநீர் சொட்டியது என்றும், அதற்குப் பிறகு எல்லா ஈரல்களையும் போலச் சத்தமில்லாமல் வேலை பார்க்கப் போய்விட்டது என்றும் டாக்டர் ரெஜினா சொன்னார்.

கண்ணில் மஞ்சள் போய், வயிறு வற்றி, டீச்சர் ஊர் திரும்பிய அன்று பஸ்ஸிலிருந்து இறங்கியதும் எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னேன், ஒரு அறை ஒழித்து வைத்திருந்தோம். “முதல்ல அங்க போவோம்,” என்று தன் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினார். ஊர் பின்னால் வந்தது. அண்ணாச்சி படியின் மேல் கதவை மறைத்து நின்றார், மெலிந்திருந்தார், சவரம் செய்யாத முகம். மனைவியை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். உயிரோடு இருக்கிறாள் என்பதை அவர் கண் நம்புவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“சரி, எல்லாம் கழிஞ்சு போச்சுன்னு நெனச்சுக்கிடுவோம்,” என்றார். “தலைக்குத் தண்ணி ஊத்திட்டு உள்ள வா.”

“எதுவும் கழியல,” என்றார் டீச்சர். வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டார். “எல்லாம் உள்ளதான் இருக்கு. தண்ணியும் ஊத்த மாட்டேன். நான் இப்படியே வாறேன், இவளையும் சேத்துத்தான் வாறேன். வழி விடுதியளா, இல்ல வேற வீடு பாக்கட்டுமா?”

அண்ணாச்சி நின்றார். அவர் மனசு மாறியது என்று நான் சொல்ல மாட்டேன். மாறியதா என்று எனக்குத் தெரியாது, மாறும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமையும் கிடையாது. ஒரு காலை எடுத்துப் பின்னால் வைத்தார். பிறகு இன்னொரு காலை. கதவு தெரிந்தது.

டீச்சர் ஏறினார். பாதிப் படியில் நின்று திரும்பினார். உப்புக் குடியிருப்பிலிருந்து யாரும் கால் வைக்காத படி அது. சாமான் கொண்டுவந்தாலும் கொல்லைப்புறமாகத்தான் வர வேண்டும். ஊர் முழுக்க என்னைப் பார்த்தது, அண்ணாச்சியும் பார்த்தார்.

“நீ ஏன்ட்டி அங்கேயே நிக்க?” என்றார் டீச்சர். “ஏறு.”

ஏறினேன்.